சாரலில் பூசணம், பங்குனியில் கல்: ரொட்டிப் பெட்டிக் கோளாறுகளுக்கு வழி

எங்கள் வீடு செங்கோட்டையில். அக்காவைக் கட்டிக்கொடுத்தது மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தென்மலையில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே கடையில், ஒரே அளவில், பின்பலகையில் காற்றுத் துளைகள் போட்ட இரண்டு மர ரொட்டிப் பெட்டிகள் வாங்கினோம், ஆளுக்கு ஒன்று. அந்த மாசிக் கடைசியில் நான் போன் செய்து, "அக்கா, இந்தப் பெட்டி தண்டம். காலையில் வைத்த ரொட்டி மறுநாள் வறட்டியாகிவிடுகிறது" என்றேன். "உனக்காவது வறட்டி. இங்கே மூன்றாம் நாள் பச்சைப் பூசணம். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்" என்றாள்.

ஒரே தச்சர் செய்த பெட்டி ஒரு வீட்டில் ரொட்டியைக் காயவைக்கிறது, இன்னொரு வீட்டில் அழுகவைக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே மலை நிற்பதை நாங்கள் மறந்திருந்தோம். அக்கா வீடு ஓடைக்கரையில், மரங்களுக்கு அடியில். அடுக்களைக்குள் வெயில் எட்டிப்பார்க்கவே பதினோரு மணி ஆகும். எங்கள் வீட்டிலோ மாசி முதல் சித்திரை வரை காற்று துணியை உலர்த்துவதுபோல ரொட்டியையும் உலர்த்தும். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீடும் அக்கா வீடும் ஒன்றுதான். உப்பு ஜாடியில் உப்பு கரையும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த ஊர். மழையும் காற்றும் மட்டும் இன்னும் பாதி அங்கே, பாதி இங்கே.

பேக்கரியில் வாங்கும் ரொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். 400 கிராம் ரொட்டி என்றால், அதற்குள் ஒரு சின்னத் தம்ளர் தண்ணீர் இருக்கிறது. பெட்டி என்பது அந்தத் தண்ணீருக்குப் போட்ட மடை. மடையைத் திறந்தே போட்டால் ரொட்டி காயும். அடைத்தே வைத்தால் தண்ணீர் தோலில் தேங்கிப் பூசணம் பிடிக்கும். எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதை வெளியே அடிக்கும் காற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெட்டியோடு வந்த துண்டுச்சீட்டில் அது இருக்காது.

(நான் ரொட்டி என்று சொல்வது பேக்கரியில் 'பிரெட்' என்று கேட்டு வாங்குவதைத்தான். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு அது இன்றும் ரொட்டிதான்.)

எதற்கும் முன்னால்

ரொட்டியை எடுத்து வெளியே வையுங்கள். காலிப் பெட்டிக்குள் கையை விட்டு, அடித்தட்டையும் மூடியின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். விரலில் ஈரம் தட்டுகிறதா, துகள் ஒட்டுகிறதா, எறும்பு ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். ரொட்டியை முதலில் கண்ணால் பாருங்கள். எடுத்தவுடன் மூக்கருகே கொண்டுபோவது கெட்ட பழக்கம். பூசணம் இருந்தால் அதன் தூள் மூக்கில் ஏறும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் மட்டும் பிய்த்து மோந்து பாருங்கள்.

மூடியின் உட்புறம் வியர்க்கிறது

பத்தில் ஏழு கோளாறுகளுக்கு மூலம் இதுதான் என்பது என் கணிப்பு.

எங்கள் கடைத்தெருவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரொட்டி இறங்கும். அடுப்பிலிருந்து எடுத்த சூடு தணிவதற்குள் பாலித்தீன் உறையில் போட்டு, வாயை முறுக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். சூடாகக் கிடைத்ததே பாக்கியம் என்று நாமும் வாங்கிக்கொண்டு ஓடிவருகிறோம். வீட்டுக்கு வந்து அந்த உறையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உட்புறம் முழுக்கப் புகைபோல மூட்டம். கீழ் மூலையில் இரண்டு மூன்று துளிகள் சேர்ந்து நிற்கும். ரொட்டியின் முதுகு, கடையில் பார்த்தபோது இருந்த பளபளப்பு போய், ஈரத்துணி பட்டதுபோலச் சுருங்கியிருக்கும். அதை அப்படியே பெட்டியில் வைத்தால், உள்ளேயிருந்து வரும் ஆவி மூடியில் முட்டி, துளியாகி, திரும்ப ரொட்டியின் மேலேயே விழும். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது மூடியைச் சாய்த்து எடுக்கிறோமே, அது எதற்காக? அதே துளிதான் இதுவும்.

உறையை உருவிவிட்டு, ரொட்டியைக் கவிழ்த்த சல்லடையின் மேல் வையுங்கள். அடியிலும் காற்று போக வேண்டும்; தட்டில் வைத்தால் அடிப்பாகம் நனையும். ஈ மொய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்துங்கள். நறுக்காத முழு ரொட்டி ஆற இரண்டு மணி நேரம் வேண்டும், பெரியதானால் மூன்று. தோல் ஆறியதை நம்பாதீர்கள். நடுவில் சூடு கடைசிவரை பதுங்கியிருக்கும். அடிப்பாகத்தைப் புறங்கையில் வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பு துளியும் இல்லை என்றால்தான் பெட்டி.

ஆறிய ரொட்டியை வைத்தும் வியர்க்கிறதா? பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கும் திசை, ஃபிரிட்ஜின் தலை, மேற்கு வெயில் விழும் ஜன்னலோரம், மழைக்காலத்தில் ஊறும் சுவர் ஆகிய நான்கும் ஆகாது. பகலில் சூடேறி இரவில் குளிரும் இடத்தில் எந்தப் பெட்டியும் வியர்க்கும். எவர்சில்வர் டப்பா மரத்தைவிட அதிகமாக வியர்க்கும், ஏனென்றால் மரம் கொஞ்சம் ஈரத்தைத் தானே குடித்துக்கொள்ளும். எவர்சில்வருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. டப்பாதான் வைத்திருக்கிறீர்கள் என்றால், அடியில் மடித்த பருத்தித் துணி ஒன்றைப் போட்டு, தினமும் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ரொட்டியில் ஒட்டும்.

பூசணம் பூத்திருக்கிறது

முதலில் தீர்ப்பு: பூத்த ரொட்டியைத் தூக்கி எறியுங்கள். விவாதம் பிறகு.

எங்கள் வீட்டில் அந்த விவாதம் ஒவ்வொரு ஆடியிலும் நடக்கும். "ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு நெய்யில் வாட்டினால் எல்லாம் போய்விடும்" என்பார் அம்மா. போகாது. கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புள்ளி பூசணத்தின் பூ மட்டும்தான். அதன் வேர் போன்ற இழைகள் ரொட்டியின் மெத்தென்ற உட்பகுதியில் எவ்வளவு தூரம் ஓடியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. வாட்டினால் பூசணம் சாகலாம். சில வகைப் பூசணங்கள் விட்டுச்செல்லும் நஞ்சு தோசைக்கல் சூட்டுக்கு அழியாது. துண்டு போட்ட ரொட்டியில் ஒரு துண்டு பூத்திருந்தாலும் மொத்த உறையும் போக வேண்டியதுதான். "மாட்டுக்காவது வை" என்பது அம்மாவின் அடுத்த வாதம். மாட்டுக்கும் கோழிக்கும்கூட அது கேடுதான். உறையோடு இறுக முடிச்சுப் போட்டுக் குப்பையில் சேருங்கள்.

பச்சையும் நீலப்பச்சையும் பெரும்பாலும் பெனிசிலியம் வகை. பெயரைக் கேட்டவுடன், "அப்படியானால் மருந்துதானே?" என்று ஒரு புத்திசாலி எல்லா வீட்டிலும் கேட்பான். மருந்துக்கு வளர்க்கும் வகை வேறு, உங்கள் பெட்டியில் தானாக வந்து குடியேறியது எதுவென்று யாருக்கும் தெரியாது. வெள்ளைப் பஞ்சுபோலப் படர்ந்து, மேலே குண்டூசித் தலைபோலக் கருப்புப் புள்ளிகள் நின்றால் அது ரைசோபஸ். பள்ளிக்கூடத்துத் தாவரவியல் நோட்டில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதேதான். ஏமாற்றுவது மூன்றாவது வகை: சுண்ணாம்புத் தூள்போல வெள்ளையாக, பரவாமல், திட்டுத்திட்டாக இருக்கும். மைதா ஒட்டியிருக்கிறது என்று தட்டிவிட்டுத் தின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிய அன்று இல்லாத மாவு இன்று எங்கிருந்து வரும்?

இனி, ஏன் வந்தது என்று பார்ப்போம். அடுப்புச் சூட்டில் பூசண வித்துகள் செத்துவிடும். ஆகவே வந்ததெல்லாம் அடுப்பை விட்டு இறங்கிய பிறகு வந்ததுதான்: காற்றில், கத்தியில், கையில், பெட்டியில். எந்த இடத்தில் முதலில் பூத்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். நறுக்கிய முகத்தில் பூத்திருந்தால் கத்தி அல்லது பலகை. தேங்காய்ச் சில்லு கீறிய கத்தியால் ரொட்டியை அறுத்திருப்பீர்கள். அடிப்பாகத்தில் என்றால் பெட்டியின் தரை ஈரம், அல்லது போன ரொட்டியின் துகள் அங்கே கிடந்து பூத்திருக்கிறது. ஓரத் துண்டில் விரல் அகலத்துக்கு என்றால், யாரோ ஈரக்கையோடு எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த யாரோ யார் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

பெட்டியைக் கழுவாமல் புது ரொட்டி வைத்தால், பழைய வித்துகளுக்குப் புதுச் சோறு போட்டதாகிவிடும். துகள்களைத் துடைத்தெடுத்து, சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, வினிகர் தோய்த்த துணியால் மூலைமுடுக்கெல்லாம் துடையுங்கள். மரப்பெட்டியைத் தண்ணீரில் முக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிறகு வெயில், நல்ல வெயிலில் அரை நாள், திறந்தபடி. சாரல் காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு முழுக்கத் திறந்து போடுங்கள். உள்ளங்கையை அழுத்தி வைத்து எடுத்தால் குளிர்ச்சி தட்டக் கூடாது.

வேப்பிலை போட்டு வைத்தால் பூசணம் வராது என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். போட்டுப் பார்த்தேன். பச்சை இலையும் ஈரம்தான். வாடும்போது அந்த ஈரத்தைப் பெட்டிக்குள்தான் விடும்.

சாரல் காலத்தில் எந்தப் பெட்டியும் உங்களைக் காப்பாற்றாது. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது துளைகளைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன? ஆனி முதல் ஆவணி வரை, மறுபடி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், இரண்டு நாளில் தீரும் அளவு மட்டும் வாங்குங்கள். பேக்கரி சின்ன ரொட்டி தருவதில்லை என்றால் வாங்கிய அன்றே பாதியை ஃபிரீசருக்கு அனுப்புங்கள். உறையில் அச்சிட்ட பொருள் பட்டியலையும் ஒருமுறை படியுங்கள். கால்சியம் புரோப்பியோனேட் அல்லது 282 என்ற எண் இருந்தால், பூசணத்தைத் தள்ளிப்போடும் பொருள் சேர்த்த ரொட்டி அது. கடைத்தெருவில் சுட்டு விற்கும் ரொட்டியில் அது இல்லாமல் இருக்கலாம். கம்பெனி ரொட்டி ஐந்து நாள் தாங்குகிறதே, இது ஏன் தாங்கவில்லை என்று பேக்கரி அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போகும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா தன் பெட்டியின் பின்பலகையில் தச்சரைக் கொண்டு இன்னொரு வரிசைத் துளை போடச் சொன்னாள். அடுப்பங்கரையிலிருந்து கூடத்துக்கு மாற்றினாள். இப்போது அவளுக்கு ஒரு நாள் கூடக் கிடைக்கிறது. ஒரு நாள்தான்.

ரொட்டி கல்லாகிவிட்டது

இங்கே இரண்டு நோய்கள் ஒரே அறிகுறியோடு வரும். மருந்து வேறு வேறு என்பதால் முதலில் பிரித்தறிய வேண்டும்.

ஒரு துண்டை எடுத்துக் கையில் எடை பாருங்கள், பிறகு வளையுங்கள். லேசாக இருந்து, வளைத்தவுடன் பட்டென்று ஒடிந்து, மேஜையெல்லாம் தூள் கொட்டினால் அது காய்ந்த ரொட்டி. கனம் குறையாமல், வளைத்தால் தோல்போல மடங்கி, மென்றால் சவசவவென்று இருந்தால் அது பழையதான ரொட்டி. காயவில்லை; தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டாவதை நம்புவது கடினம். காற்றுப் புகாமல் அடைத்து வைத்த ரொட்டியும் பழையதாகிவிடும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ 1852-லேயே காட்டிவிட்டார். எப்படி என்பது சோறு வடிக்கும் எவருக்கும் தெரிந்த சங்கதிதான். ராத்திரி மிஞ்சிய சோற்றை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் பருக்கை பருக்கையாக, விறைத்து நிற்கிறது. தண்ணீர் எங்கும் போகவில்லை. வெந்து இளகிய மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி நெருங்கி இறுகிக்கொள்கிறது. ஆவியில் வைத்தால் திரும்பவும் இளகும். ரொட்டியும் அதே மாவுச்சத்துதான். இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது சரியாக ஃபிரிட்ஜின் குளிரில். கெடாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்த ரொட்டி, வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் கிழடாகிவிடும். 18 டிகிரி மைனஸில் ஓடும் ஃபிரீசரில் இந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

பழையதான ரொட்டிக்கு மருந்து சூடு. 60 டிகிரிக்கு மேல் போனால் மாவுச்சத்து இளகும். தோசைக்கல்லை இளஞ்சூட்டில் வைத்து, துண்டுகளை அடுக்கி, கல்லின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஒரு குண்டான் மூடியால் ஒரு நிமிடம் மூடுங்கள். புது ரொட்டி போலவே வரும். உடனே தின்றுவிட வேண்டும். ஆறினால் முன்னைவிட மோசமாக இறுகும். இரண்டாம் முறை பலிக்காது.

காய்ந்த ரொட்டிக்கு இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது, போன தண்ணீர் போனதுதான். அதைப் பொடித்துக் கட்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பாலில் ஊறப்போட்டு இனிப்பு செய்யுங்கள். அடுத்த ரொட்டிக்கு மடையை அடையுங்கள். மாசியில் நான் செய்தது மிகச் சின்ன வேலை: பெட்டியின் பின்பக்கத் துளைகள் மேல் தடித்த காகிதத்தை ஒட்டினேன். ரொட்டியை அதன் உறையோடே பெட்டிக்குள் வைத்தேன், வாயை முறுக்கி, அடியில் மடக்கி. முழு ரொட்டியாக இருந்தால் நறுக்கிய முகம் பலகையில் படும்படி நிறுத்தி வைத்தேன்; தோல் இருக்கும் பக்கம் வழியாக ஈரம் அவ்வளவு வேகமாகப் போகாது. வறட்டிப் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. சாரல் வந்ததும் காகிதத்தைக் கிழித்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முதல் ஆண்டு மறந்தேன்.

பெட்டி பெரிதாக இருந்தாலும் காயும். ஒரு சின்ன ரொட்டிக்கு அரிசி டின் அளவுப் பெட்டி எதற்கு? உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் அந்த ஒரு ரொட்டிதான் ஈரமாக்க வேண்டும். வாங்கப் போகும்போது நீங்கள் வழக்கமாக வாங்கும் ரொட்டியின் நீளத்தைச் சாண் கணக்கில் அளந்துகொண்டு போங்கள். அதற்கு மேல் நாலு விரல் இடம் போதும்.

ஃபிரீசரில் வைப்பவர்களுக்கு: துண்டு போட்ட பிறகு வையுங்கள், வாங்கிய அன்றே வையுங்கள், இரண்டிரண்டாகச் சுற்றி வையுங்கள். எடுத்து நேரே கல்லில் போடலாம். வெளியே வைத்து உருக்கத் தேவையில்லை. எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், மின்கம்பி எம்மாத்திரம். கரண்ட் போய் வந்து, உருகி உறைந்த ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். அதை மறுபடி உறையவிடாமல் அன்றே வாட்டித் தீர்த்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. அடைமழை, ஃபிரீசர் நிறைய மீன், ரொட்டியோ நாலு நாளைக்கு வேண்டும் என்ற இக்கட்டில், ஃபிரிட்ஜில் வைப்பதுதான் சரி. கிழடான ரொட்டியை வாட்டித் தின்னலாம். பூத்ததை ஒன்றும் செய்ய முடியாது.

ரஸ்க் நமத்துப்போகிறது

ரொட்டியோடு ஒரே பெட்டியில் வைத்தீர்களா? ரொட்டியின் ஈரம் ரஸ்குக்குப் போகிறது. இரண்டும் கெடும். ரஸ்குக்குக் காற்றுப் புகாத டப்பா, ரொட்டிக்குப் பெட்டி. நமத்த ரஸ்கை மிக இளஞ்சூட்டில் கல்லில் போட்டுப் புரட்டி, நன்றாக ஆறவிட்டு அடைத்தால் பழையபடி மொறுமொறுக்கும்.

அன்னாசி வாசனை, நடுவில் நூல்

அபூர்வம். ஆனால் வந்தால் தெரிந்திருக்க வேண்டும்.

போன சித்திரையில் கோதுமை ரொட்டி ஒன்று வாங்கி வந்தோம். கடையின் பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். மறுநாள் பெட்டியைத் திறந்தால் கனிந்து வெடித்த அன்னாசியின் வாசனை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா அனுப்பிய பழம் அடுக்களையில்தான் இருந்தது, அதன் வாசனை என்றே நினைத்தேன். இரண்டாம் நாள் காலை ரொட்டியைப் பிய்த்தேன். வெளியே ஒரு புள்ளி இல்லை, தோல் பொன்னிறம். நடுவில் மட்டும் பழுப்பேறி, ஈரமாக, இரண்டு பாதிகளையும் மெதுவாக விலக்கியபோது இடையே சிலந்தி இழைபோல நூல் நூலாக நீண்டது. விரலில் பட்டது பிசுபிசுவென்று ஒட்டியது.

இது பூசணம் அல்ல, பாக்டீரியா. பேசில்லஸ் சப்டிலிஸ் என்பதும் அதன் பங்காளிகளும். மாவோடு வரும் இவற்றின் வித்துகள் அடுப்பிலும் சாவதில்லை. ரொட்டியின் தோல் கருகினாலும் நடுப்பகுதியின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. பிறகு வெக்கையில், ஆறாமல் மூடிவைத்த ரொட்டிக்குள் முளைத்து, மாவுச்சத்தைக் கரைத்து நூலாக்கிவிடுகின்றன. தவிடு உள்ள கோதுமை ரொட்டியில் இது கூடுதல்.

அந்த ரொட்டி எதற்கும் உதவாது. பெட்டி, கத்தி, பலகை மூன்றையும் சோப்பு போட்டுக் கழுவி, வினிகரால் துடைத்து, காயவைக்க வேண்டும். கடைக்காரரிடம் சொல்லுங்கள், குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். ஒரே மாவில் சுட்ட மற்ற ரொட்டிகளும் அப்படி ஆகியிருக்கும், அவருக்கும் தெரிய வேண்டும். நான் போய்ச் சொன்னபோது, "இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள் அண்ணே, மாவு மூட்டையை மாற்றிவிட்டேன்" என்றார். வீட்டிலேயே சுடுபவர்கள் கோடையில் மாவு பிசையும்போது ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்க்கலாம். புளிப்பு இந்தப் பாக்டீரியாவுக்கு ஆகாது.

எறும்பு

எறும்பு வரிசையைத் துடைக்கும் முன், அது எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். ஜன்னல் சட்டமோ, சுவர் வெடிப்போ, அங்கேதான் வேலை. வரிசை வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் வாசனைத் தடம் அழியும். எறும்புச் சாக்பீஸை உணவுப் பெட்டியின் அருகே கொண்டுவராதீர்கள், அது விஷம்.

பெட்டிக்குக் கால் இருந்தால் நான்கு சிறிய கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். கால் இல்லையென்றால் அகலத் தாம்பாளத்தில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன் மேல் பெட்டி. பெட்டி சுவரைத் தொடக் கூடாது; தொட்டால் அகழி கட்டியும் பயனில்லை. எங்கள் பாட்டி பனையோலைப் பெட்டியில் ரொட்டியை வைத்து உறியில் தொங்கவிடுவார். எறும்பும் வராது, காற்றும் நாலு பக்கமும் போகும். கயிற்றில் ஒரு சொட்டு வேப்பெண்ணெய் தடவுவார். அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. தலையில் இடிக்கிறது என்பதால்தான் கழற்றினோம்.

ரொட்டியில் வேறு வாடை

கருவாடு, வெங்காயம், மண்ணெண்ணெய், எது பக்கத்தில் இருந்தாலும் ரொட்டி வாங்கிக்கொள்ளும். இடத்தை மாற்றுங்கள். புது மரப்பெட்டியின் உட்புறம் வார்னிஷ் வாடை அடித்தால், ஒரு வாரம் திறந்து காற்றாட வையுங்கள். அப்போதும் போகவில்லையென்றால் தச்சரிடம் கொடுத்து உட்புறப் பூச்சை உப்புத்தாள் போட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள். ரொட்டி தொடும் பக்கம் வெறும் மரமாக இருப்பதுதான் நல்லது.

மூடி இறுகித் திறக்க வரவில்லை

சாரல் காலத்தில் மரம் ஊதும். எங்கள் பெட்டியின் சறுக்கு மூடி ஆடி பதினெட்டு வாக்கில் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே அரை ரொட்டி. நான் சுத்தியலைத் தேடினேன், நல்லவேளையாக அம்மா விடவில்லை. கத்தியின் முதுகை இடுக்கில் விட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறி லேசாகத் தட்டினால் வரும். வந்ததும் பள்ளத்தில் மெழுகுவத்தியை நன்றாகத் தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், அது சிக்குப் பிடித்து, துகளோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

இறுகுகிறதே என்று மூடியை உடனே இழைக்கக் கொடுத்துவிடாதீர்கள். தச்சர் கேட்டவுடன் இழைத்துக் கொடுத்துவிடுவார். பங்குனியில் மரம் சுருங்கும்போது அங்கே விரல் நுழையும் இடுக்கு விழும், ரொட்டி காயும், அந்த இடுக்கு வழியாகவே எறும்பும் வரும். தை பிறக்கும்வரை மெழுகோடு காலத்தை ஓட்டுங்கள். அப்போதும் இறுகினால் மட்டும் இழைக்கலாம்.